கழுத்துவரை நிரப்பிய பாட்டில்கள்

அந்தப் பெண் ஆய்வகத்தின் பூட்டை உடைக்கவில்லை. உடைத்தாள் என்று பொய் எழுதியவர் நீங்கள், எங்கள் பள்ளியின் தலைமை ஆசிரியர். அந்தப் பொய்க்குக் கீழே சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவள் நான், அதே பள்ளியின் அறிவியல் ஆசிரியை.

எனக்கு நயமாக எழுத வராது. கரும்பலகையில் எழுதித்தான் பழக்கம். அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். என் மேல் இருக்கும் தப்பையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்களுடையது பத்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளி. திண்டிவனத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்தால் முக்கால் மணி நேரம். நான் விழுப்புரத்திலிருந்து வருகிறேன், ஆக தினமும் போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். எட்டு, ஒன்பது, பத்து வகுப்புகளுக்கு அறிவியல் என் பாடம். பள்ளியில் ஆய்வகம் என்று ஓர் அறை உண்டு. ஆய்வக உதவியாளர் கிடையாது. அந்த இடம் நான் சேர்ந்த நாளிலிருந்து காலி. அறைக்கு ஒரு பூட்டு, ஒரே ஒரு சாவி. சாவியில் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கும். அது உங்கள் மேசையின் வலதுபக்க டிராயரில், மூக்குக்கண்ணாடி டப்பாவுக்குள் இருக்கும். எனக்கு வேண்டும் என்றாலும் உங்களிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பெரும்பாலும் நீங்கள் தர மாட்டீர்கள். "ஒடஞ்சா யாரும்மா பதில் சொல்றது?" என்பீர்கள்.

அந்த அறையில் இருக்கும் பாட்டில்களைப் பற்றி வெளியாட்களுக்குச் சொல்லியாக வேண்டும். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் மூன்று வரிசையாகப் பாட்டில்கள் நிற்கும். எப்போதோ அரசாங்கம் கொடுத்த ரசாயனங்கள் எப்போதோ தீர்ந்துபோய்விட்டன. பாட்டில் மட்டும் இருக்கிறது. மாவட்டத்திலிருந்து ஆய்வுக் குழு வருகிறது என்று தகவல் வந்தால், முதல் நாள் மாலை நான்கைந்து பிள்ளைகளை விட்டு எல்லாப் பாட்டிலிலும் தண்ணீர் நிரப்புவோம். தாமிர சல்பேட்டுக்குச் சொட்டு நீலம் இரண்டு துளி. அயோடினுக்கு டீ டிகாக்ஷன். அமிலங்களுக்கு வேலையே இல்லை, வெறும் தண்ணீர். பிறகு புது லேபிள் ஒட்டுவோம். குழு வரும், கண்ணாடி வழியாகப் பார்க்கும், போட்டோ எடுக்கும், போகும். ஒருவர் கூட ஒரு மூடியைத் திறந்து பார்த்ததில்லை.

லேபிள்களை எழுதியது நான். என் கையெழுத்து அச்சுப்போல இருக்கும் என்று நீங்கள்தான் எழுதச் சொன்னீர்கள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பள்ளியில் மட்டும்தான் இந்தக் கூத்து என்று நினைத்திருந்தேன். ஒருமுறை விழுப்புரத்தில் பயிற்சிக்குப் போன இடத்தில், பக்கத்து நாற்காலி ஆசிரியையிடம் டீ இடைவேளையில் மெதுவாகச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் டம்ளரில் இருந்த டீ சிந்தியது.

"நீங்க அயோடினுக்கு டிகாக்ஷனா ஊத்தறீங்க? நாங்க நன்னாரி சர்பத்து. எறும்பு வந்துடும், அதான் பேஜாரு."

நானும் சிரித்தேன்.

அந்தப் பயிற்சியின் தலைப்பு, மாணவர்களை ஈர்க்கும் அறிவியல் வகுப்பறை உத்திகள். பெரிய திரையில் படம் ஓட்டினார்கள். சார்ட் பேப்பரில் பூ வெட்டச் சொன்னார்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களை எழுப்பிவிட்டு எலக்ட்ரான் மாதிரி சுற்றி ஓடச் சொன்னார்கள். "செய்து கற்றலே சிறந்த கற்றல்" என்று திரையில் போட்டு அதை எங்களை நோட்டில் எழுதச் சொன்னார்கள். நான் எழுந்து கேட்டேன்.

"சார், லேபு பூட்டியே இருந்தா எதச் செஞ்சு கத்துக்கறது?"

"அது அட்மினிஸ்ட்ரேஷன் மேட்டர் மேடம். இப்ப நாம மெத்தட பத்தி மட்டும் பேசுவோம்" என்றார் பயிற்சி கொடுத்தவர். எல்லோரும் கைதட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள் என்று எனக்கு இன்னமும் புரியவில்லை.

நான் ஆய்வகம் இல்லாமலே பாடம் நடத்தக் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வெள்ளைத் துணியில் மஞ்சள் பூசிக் காயவைத்து, அதில் சோப்புத் தண்ணீர் விட்டால் சிவக்கும். எலுமிச்சை பிழிந்தால் திரும்ப மஞ்சளாகும். அமிலம், காரம் இரண்டையும் அப்படித்தான் காட்டினேன். ஒரு மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலைப் பருப்பை, குண்டூசியில் குத்தி நெருப்பு வைத்தேன். அது அணையாமல் எரிந்து சோதனைக் குழாயில் இருந்த தண்ணீரைச் சூடாக்கியது. தினமும் மல்லாட்டை பிடுங்கி, உடைத்து, தின்று வளர்ந்த பிள்ளைகள், அதற்குள் இவ்வளவு நெருப்பு இருப்பதை அன்றுதான் பார்த்தார்கள். பின்வரிசையில் தூங்குகிற பையன்கூட முன்னால் வந்து நின்றான்.

"டீச்சர், அப்ப எங்க ஆயா வயித்துல தெனமும் இதான் எரியுதா?"

"ஒங்க ஆயா வாயிலயே எரியுதுடா" என்றாள் ஒருத்தி. வகுப்பே சிரித்தது. அன்றைக்கு யாருக்கும் உணவின் ஆற்றலைப் பற்றி நான் மனப்பாடம் செய்ய வைக்க வேண்டியிருக்கவில்லை.

அப்படிப் பதில் சொன்னவள்தான் அந்தப் பெண். அப்போது ஒன்பதாம் வகுப்பு. மூன்றாவது பெஞ்சு, சுவர் ஓரம். அப்பா வானூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போகிறவர், வாரம் ஒருமுறை வருவார். அம்மா கரும்பு வெட்டுக்கும் களை எடுக்கவும் போகிறவர். காலனியிலிருந்து வருகிறவள். முதல் மதிப்பெண் எடுக்கிற பிள்ளை அல்ல. எழுத்துப் பிழை நிறைய. ஆனால் அவள் கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியாமல் நான் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே விழுப்புரம் போன நாட்கள் உண்டு.

எங்கள் வகுப்பறைக் கூரை ஆஸ்பெஸ்டாஸ். அதில் ஓட்டைகள் இருக்கின்றன. நண்பகலில் தரையில் வட்ட வட்டமாக வெயில் விழும். எனக்கு அது பல வருடம் வெறும் வெயில்தான். அவள் ஒருநாள் பெஞ்சு மேல் ஏறி நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கச் சொல்லித் திட்டினேன். இறங்காமலே கேட்டாள்.

"டீச்சர், ஓட்ட நீட்டமா, கோணையா கீது. வெளிச்சம் மட்டும் எப்பிடி ரவுண்டா வுழுது?"

அது ஓட்டையின் வடிவம் அல்ல, சூரியனின் பிம்பம். மறுநாள் அதையே பாடமாக நடத்தினேன். அட்டையில் சதுரமாக, முக்கோணமாகச் சின்னச் சின்ன ஓட்டை போட்டு வெயிலில் பிடித்தோம். எல்லாமே வட்டமாக விழுந்தன. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து சூரியனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஓட்டை விழுந்த கூரைதான் அன்று எனக்கு ஆய்வகம்.

அதே வாரம் கண்ணைப் பற்றிய பாடம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டி, ஒரு கையில் பேனா, இன்னொரு கையில் மூடி, பேனாவுக்கு மூடி போடச் சொன்னேன். யாராலும் முதல் தடவை முடியவில்லை. மூடி முன்னால் போகும், பின்னால் போகும், பக்கத்தில் இருப்பவன் மூக்கில் இடிக்கும். தூரத்தைச் சரியாகக் கணிக்க இரண்டு கண்ணும் வேண்டும் என்று சொன்னேன். அவள் நாலு தடவை முயன்று, தோற்று, சிரித்து, கடைசியில் திருட்டுத்தனமாக இன்னொரு கண்ணைத் திறந்து மூடி போட்டாள்.

"ஏய், நீ போங்காட்டம் ஆடற" என்றார்கள் மற்றவர்கள்.

இப்போது சர்க்கரைக்கு வருகிறேன்.

திண்டிவனத்தில் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் நடத்தும் தோழி எனக்கு உண்டு. பிள்ளைகள் ஒருமுறையாவது உண்மையான அமிலத்தைப் பார்க்க வேண்டும் என்று அவளிடம் கேட்டுக் கொஞ்சம் அடர் கந்தக அமிலம் வாங்கி வந்தேன். பத்திரமாகத்தான் கொண்டு வந்தேன். பிள்ளைகளைத் தள்ளி உட்காரவைத்து, நானே கையுறை போட்டு, பீக்கரில் இருந்த சர்க்கரை மேல் ஊற்றினேன். வெள்ளைச் சர்க்கரை மஞ்சளாகி, பழுப்பாகி, கறுத்து, புகைந்து, கரிக்கட்டையாக எழும்பி பீக்கருக்கு வெளியே வந்தது. முதலில் அவள்தான் கேட்டாள்.

"சக்கரைக்குள்ள கரி இருந்துச்சா டீச்சர், இல்ல இது புதுசா வந்துச்சா?"

நான் பதில் சொல்லும்போது ஜன்னல் வழியாக நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வகுப்பு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டீர்கள்.

"சூப்பரா கீது டீச்சர். குழு வரும்போது மாதிரி வகுப்புல இதையே பண்ணிடுங்க. அமிலம் மீதி கீதா?"

"கொஞ்சம் இருக்கு சார்."

"லேபுல வெச்சிடுங்க. நாந்தான் பூட்டி வெக்கறேனே."

ஆக, அந்த அறையில் உண்மையான அமிலம் இருப்பது உங்களுக்குத் தெரியும். வைக்கச் சொன்னவரே நீங்கள். இதை நீங்கள் மறுக்க முடியாது.

என் தப்பு இங்கே இருக்கிறது. மீதி அமிலத்தை அலமாரியில் இருந்த 'அடர் கந்தக அமிலம்' பாட்டிலிலேயே ஊற்றினேன். அதிலிருந்த பழைய தண்ணீரைக் கொட்டி, நன்றாகக் காயவைத்து, அதன் பிறகுதான் ஊற்றினேன். சரியான பொருள், சரியான லேபிள். எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. அந்த மூன்று வரிசையில் உண்மையைச் சொல்கிற ஒரு பாட்டிலாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். மற்ற எல்லா லேபிளும் பொய் என்று பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்ட இடத்தில் ஒன்று மட்டும் உண்மையாக இருந்தால் அதை யார் நம்புவார்கள் என்று நான் யோசிக்கவில்லை. தனியாகப் பூட்டி வைத்திருக்க வேண்டும். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டிச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை.

குழு மறுநாள் வருகிறது என்று தகவல் வந்தது. மதியத்துக்குமேல் பள்ளியே பரபரத்தது. தண்ணீர் எடுக்க, பெஞ்சு துடைக்க, பாட்டில் நிரப்ப என்றால் நீங்கள் காலனிப் பெண்களைத்தான் கூப்பிடுவீர்கள். வரவேற்புரைக்கும் பூங்கொத்துக்கும் ஊருக்குள்ளிருந்து வரும் பிள்ளைகள். அது ஒருநாளும் மாறியதில்லை. நானும் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. அன்றும் மூன்று பெண்களைக் கூப்பிட்டு, டிராயரைத் திறந்து, சிவப்பு ரிப்பன் கட்டிய சாவியை அவள் கையில் கொடுத்தீர்கள். வராந்தாவில் நின்றிருந்த என் கண் முன்னால் கொடுத்தீர்கள்.

"எல்லாப் பாட்டிலும் கழுத்து வரைக்கும் ரொப்பணும். பாதி பாதியா இருந்தா போட்டோல நல்லா இருக்காது. ஜல்தி, ஜல்தி."

எல்லாப் பாட்டிலும் என்று சொன்னீர்கள். அது என் காதிலும் விழுந்தது. ஒரு நொடி நின்று, "அந்த ஒண்ண மட்டும் தொடாதீங்கடி" என்று சொல்லியிருந்தால் போதும். நான் அப்போது பத்தாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே எனக்கு ஒரு வேலை இருந்தது. கேள்வி கேட்டால் எல்லோரும் கை தூக்க வேண்டும், பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை, அப்போதுதான் நான் சரியான ஆளை எழுப்ப முடியும். இதைப் பழக்கத்தான் போனேன். ஆம், அந்தக் கேவலத்தை நானேதான் செய்தேன். செய்து கற்றல் என்று பயிற்சியில் எழுதிக்கொண்டு வந்த அதே நான்.

மூன்றாவது கேள்விக்குக் கைகள் தூக்கியிருக்கும்போது அலறல் கேட்டது.

நான் ஓடிப்போனபோது அவள் ஆய்வக வாசலில் மண்டியிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். மற்ற இரண்டு பெண்களும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். ஒருத்தியின் தாவணியில் ஓட்டை ஓட்டையாகப் புகைந்தது. பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு அமிலம் இருந்தது. புனல் வைத்துச் சொம்புத் தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். ஊற்றிய தண்ணீர் அமிலத்தின் மேலேயே கொதித்துச் சீறி அவள் முகத்தில் அடித்திருக்கிறது.

அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது, தண்ணீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். அது ஒன்பதாம் வகுப்பில் நான் கேட்கிற ஒரு மதிப்பெண் கேள்வி. அவள் சரியாக எழுதியிருந்தாள். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. அவளுக்கு விதி தெரியும். ஆனால் போன வருடம் அதே பாட்டிலில், அதே சொம்பால், தண்ணீர் நிரப்பியவளும் அவள்தான்.

நிரப்ப வைத்திருந்த இரண்டு வாளித் தண்ணீரையும் அவள் முகத்தில் ஊற்றினேன். தீர்ந்ததும் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். யாரோ தேங்காயெண்ணெய் கொண்டு வந்தார்கள், தட்டிவிட்டேன். நீங்கள் வந்து, "போதும் டீச்சர், மொதல்ல வெளிய அனுப்புங்க, கேட்டுல ஜனம் கூடுது" என்றீர்கள். நான் நகரவில்லை. அவள் கண்ணைத் திறக்க முடியாமல் திமிறினாள். நான் விரலால் இமையைப் பிரித்துத் தண்ணீர் விட்டேன். அவள் என் கையைக் கடித்தாள். அந்தத் தழும்பு இருக்கிறது. இருக்கட்டும்.

திண்டிவனம் ஆஸ்பத்திரி, அங்கிருந்து புதுச்சேரி. வலது கண் பிழைத்தது. இடது கண் போய்விட்டது. கன்னத்தில், கழுத்தில், சிவந்து சுருங்கிய தோல்.

மறுநாள் காலை என்னைப் பள்ளிக்கு வரச்சொல்லி நீங்கள் போன் செய்தீர்கள். வராவிட்டால் விளக்கம் கேட்கப்படும் என்றீர்கள். வந்தேன். ஆய்வகத் தரை கழுவிவிடப்பட்டிருந்தது. அலமாரியில் அந்த இடத்தில் வேறொரு பாட்டில், கழுத்துவரை தண்ணீர், என் கையெழுத்திலேயே ஒரு பழைய லேபிள். குழு வந்தது. பூங்கொத்து கொடுக்கப்பட்டது. கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். நான் மாதிரி வகுப்பு நடத்தினேன். சர்க்கரை இல்லை, வேறு ஏதோ ஒரு பாடம். எல்லாக் கைகளும் எழுந்தன, வலதும் இடதும். ஆய்வகம் சிறப்பாகப் பராமரிக்கப்படுகிறது என்று பார்வையாளர் ஏட்டில் எழுதிவிட்டுப் போனார்கள். நேற்று இங்கே ஒரு பிள்ளையின் கண் போனது என்று நான் வாய் திறக்கவில்லை.

அவர்கள் கார் கிளம்பிய பிறகு உங்கள் அறைக்குக் கூப்பிட்டீர்கள். மேசையில் ஒரு தாள். 'மாணவி, மதிய இடைவேளையில், ஆய்வகத்தின் பூட்டை உடைத்து அனுமதியின்றி உள்ளே நுழைந்து, ரசாயனங்களை வைத்து விளையாடியதால்' என்று ஆரம்பித்தது. கீழே உங்கள் கையெழுத்து. அதற்குக் கீழே சாட்சிக்கு இடம்.

"சார், சாவி நீங்க குடுத்தீங்க. நான் பாத்தேன்."

"சரி. நான் சாவி குடுத்தேன்னு எழுதறேன். அமிலம் யாரு கொண்டாந்தாங்கன்னும் எழுதணுமே டீச்சர். ஸ்டாக் புக்குல அது கிடையாது. அரசாங்கம் குடுக்காத ஆசிட்ட ஸ்கூலுக்குள்ள கொண்டாந்தது யாரு?"

நான் தாளை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

"எனக்கு ரிடையர் ஆக கொஞ்ச நாள்தான் கீது. எனக்கு ஒண்ணும் ஆவாது. உங்களுக்கு இன்னும் எவ்ளோ வருஷம் கீது? யோசிங்க. அந்தப் பொண்ணு வேணும்னு பண்ணலன்னு நானே பேசி முடிச்சிடுவேன். போலீசு கேசு எதுவும் வராம பாத்துக்கறேன். அவங்களுக்கும் நல்லது."

நான் யோசித்தேன். வேலையைப் பற்றி யோசித்தேன். கையெழுத்துப் போட்டேன். எந்தப் பேனாவால் லேபிள் எழுதினேனோ அதே பேனா.

அந்தத் தாள் என்ன செய்யும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்பதே சரி. சிகிச்சைக்கு உதவி கேட்டு அவள் அம்மா மனு கொடுத்தபோது, மாணவியின் சொந்தத் தவறால் நேர்ந்தது என்று அந்தத் தாளைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். ஊருக்குள் செய்தி பரவியது. காலனிப் பெண் பூட்டை உடைத்து எதையோ எடுக்கப் போய் இப்படி ஆனாள் என்று டீக்கடையில் பேசினார்கள். பள்ளியில் பையன்கள் அவளுக்குப் பூட்டு என்று பட்டம் வைத்தார்கள். கட்டுப் பிரித்து அவள் வகுப்புக்கு வந்த இரண்டாம் நாள், கரும்பலகையில் ஒரு பூட்டுப் படம் வரைந்திருந்தது. அதற்கப்புறம் அவள் வரவில்லை. பத்தாம் வகுப்பு தொடங்கிவிட்டது. மூன்றாவது பெஞ்சு சுவர் ஓரம் காலியாக இருக்கிறது.

நான் அவள் வீட்டுக்குப் போக மூன்று மாதம் ஆனது. போன அன்று அவள் அம்மா கரும்பு வெட்டிவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிதாக இருந்தது, ஏனென்றால் இதற்கு முன்னால் பள்ளிக்கு வரும்போதெல்லாம் நான் உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே பேசியவர் அவர்.

"வாங்க டீச்சரம்மா. பூட்டு எத்தினி ஒடஞ்சதுன்னு எண்ணிக்கினு போலாம்னு வந்தீங்களா?"

நான் தலை குனிந்தேன்.

"என் பொண்ணு ஊட்ல ஒரு சொம்பத் தூக்கி வெக்கச் சொன்னாகூட பத்து தடவ கேக்கணும். நீங்க சொன்னா மட்டும் ஓடுவா. டீச்சர் சொன்னாங்க, சார் சொன்னாருன்னு ஓடுவா. அவளப் போய் திருடின்னு எழுதிட்டீங்களே. அதுல உங்க கையெழுத்தும் கீதாமே?"

"இருக்குதும்மா" என்றேன்.

அவர் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அவள் வாசற்படியில் உட்கார்ந்து ஒரு பாவாடைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் கோக்க முயன்றுகொண்டிருந்தாள். நூல் ஊசிக்கு முன்னால் போனது, பின்னால் போனது. நான் வாங்கிக் கோத்துக் கொடுக்கக் கை நீட்டினேன். அவள் தரவில்லை.

"அன்னிக்கு பேனாவுக்கு மூடி போடச் சொன்னீங்களே டீச்சர், ஒரு கண்ண மூடிக்கினு. இப்ப எந்நேரமும் அதே ஆட்டம்தான். போங்காட்டம்கூட ஆட முடில."

அவள் சிரிக்கவில்லை. நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"கொஞ்ச நாள் போனா பழகிடுமா? ஒத்தக் கண்ணுக்கே தூரம் தெரிஞ்சிடுமா?"

"ஓரளவு பழகும். மூளை வேற வழியில கணக்குப் போட்டுக்கும்" என்றேன்.

"எப்பிடிப் போடும்?"

கண் போன பிறகும் அவள் கேள்வி கேட்கிறாள். சொன்னேன். தலையைப் பக்கவாட்டில் அசைத்தால் கிட்டே இருக்கிற பொருள் அதிகமாக நகர்வதுபோலத் தெரியும், தூரத்தில் இருப்பது குறைவாக நகரும், அதை வைத்து மூளை தெரிந்துகொள்ளும் என்றேன். அவள் உடனே ஊசியைப் பிடித்துத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாள். மூன்றாவது முறை நூல் நுழைந்தது. நான் நடத்திய வகுப்புகளிலேயே பிள்ளை சொன்னதும் செய்து பார்த்து, புரிந்துகொண்டு, ஜெயித்த வகுப்பு அதுதான். வாசற்படியில், ஒரு மாணவிக்கு, நான் பறிகொடுக்க வைத்த கண்ணைப் பற்றி.

"தூக்கும்போதே கனமாத்தான் இருந்துச்சு டீச்சர்" என்றாள். "தண்ணி இவ்ளோ கனக்காதேன்னு நெனச்சேன். ஆனா போன வருஷம் நாந்தான ரொப்பினேன்? அதான் ஊத்திட்டேன்."

"உன் தப்பு இல்ல."

"அப்ப ஏன் அப்பிடி எழுதிக் குடுத்தீங்க?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. என் வேலை போய்விடும் என்று பயந்தேன். அதை ஒரு பதினைந்து வயதுப் பெண்ணிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள், ஏதோ பாடம் புரிந்த மாதிரி.

"ஸ்கூலுக்கு வா. நான் பாத்துக்கறேன்."

"கண்ணு போச்சுன்னா போச்சுன்னு சொல்லிக்குவேன் டீச்சர். பூட்டு ஒடச்சேன்னு எப்பிடிச் சொல்லிக்கறது? அத சார் வாயால இல்லன்னு சொல்லச் சொல்லுங்க. பசங்க எல்லாரும் இருக்கும்போது. அப்ப வர்றேன்."

அவள் கேட்டது அவ்வளவுதான். கண்ணைக் கேட்கவில்லை, உதவித்தொகையைக் கூடக் கேட்கவில்லை.

மறுநாள் உங்கள் அறைக்கு வந்தேன். அந்தத் தாளை மாற்றி எழுதுங்கள் என்றேன். "முடிஞ்சத ஏன் டீச்சர் கெளறிக்கினு" என்றீர்கள். நான் நடந்ததை எல்லாம், அமிலம் கொண்டு வந்தது நான் என்பது உள்பட, எழுதி விழுப்புரம் அலுவலகத்தில் கொடுத்தேன். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். இரண்டு முறை போய்க் கேட்டேன். கோப்பு மேலே போயிருக்கிறது என்றார்கள். மேலே என்றால் எங்கே என்று கேட்டேன். சொல்லவில்லை.

இதற்கிடையில் ஒரு காரியம் செய்தேன். ஆய்வக அலமாரியில் இருந்த அத்தனை பாட்டில்களையும், லேபிள் மாற்ற வேண்டும் என்று சொல்லி உங்களிடம் சாவி வாங்கி, பிள்ளைகள் முன்னால் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினேன். என் கையால் எழுதிய லேபிள்களை உரித்தேன். நீங்கள் அதற்கு எனக்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருக்கிறீர்கள். அந்த அறையில் ஒரு பெண்ணின் கண் போனதற்கு யாருக்கும் மெமோ இல்லை. தண்ணீரைக் கொட்டியதற்கு மெமோ. என் பதில் இதுதான், நீங்கள் கேட்ட படிவத்தில் இல்லை, எல்லோரும் படிக்கிற இடத்தில்.

அடுத்த வாரம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். பெற்றோர் வருவார்கள். ஊரிலிருந்தும் காலனியிலிருந்தும் வருவார்கள். வரவேற்புரைக்கு வைக்கிற அதே மைக் இருக்கும். முதலில் நான் பேசுவேன். அமிலத்தைக் கொண்டு வந்தது நான், எச்சரிக்காமல் போனது நான், பொய்க்குக் கையெழுத்துப் போட்டது நான் என்று சொல்வேன். அதற்கு என்ன தண்டனையோ வரட்டும். அதற்கப்புறம் மைக்கை உங்களிடம் நீட்டுவேன்.

அந்தப் பெண் அன்று வருவாள். அம்மாவோடு முன்வரிசையில் உட்காருவாள், நான் இடம் பிடித்து வைப்பேன். அவளைப் பார்த்து, பிள்ளைகள் எல்லோரும் கேட்கும்படி நீங்கள் சொல்ல வேண்டும். சிவப்பு ரிப்பன் கட்டிய சாவியை அவள் கையில் கொடுத்தது யார்? உள்ளே உண்மையான அமிலம் இருப்பது தெரிந்தும் எல்லாப் பாட்டிலையும் கழுத்துவரை நிரப்பச் சொன்னது யார்? உடைந்த பூட்டு எங்கே? காட்டுங்கள். அந்தப் பூட்டு இன்றும் அதே கதவில் ஒரு கீறல்கூட இல்லாமல் தொங்குகிறது.

உங்கள் அறையில் வேண்டாம், கோப்பில் வேண்டாம். மைக்கில், எல்லோர் முன்னாலும், பதில் சொல்லுங்கள் சார்.